பரு மாத்திரையின் பூர்வீகம்: சென்னையில் மூன்றாம் முறை மெட்ரிக் பாஸ் செய்த சுப்பாராவ்

முகத்தில் பரு வந்து தோல் டாக்டரிடம் போனவர்களுக்கு டாக்ஸிசைக்ளின், மினோசைக்ளின் என்ற பெயர்கள் புதுசில்லை. ஒரு நாளைக்கு ஒன்று, சில வாரங்களுக்கு. திருவண்ணாமலை மாட வீதி மெடிக்கல் ஷாப் முதல் சென்னை ஓ.எம்.ஆர் ஆன்லைன் டெலிவரி வரை எங்கும் கிடைக்கும், விலையும் குறைவு. கோர்ஸ் முடிந்த பிறகும் அதே அட்டையைக் காட்டி இன்னொரு பத்து வாங்கிக்கொள்கிறவர்களும் இருக்கிறார்கள். சிக்கல் தொடங்கும் இடம் அதுதான். அதற்குக் கொஞ்சம் கழித்து வருவோம்.

இந்த மாத்திரைகள் எல்லாம் டெட்ராசைக்ளின் என்ற ஒரே குடும்பம். குடும்பத்தின் மூத்த பிள்ளை ஆரியோமைசின். அது பிறந்த ஆய்வுக்கூடத்துக்குத் தலைமை தாங்கியவர் எல்லாப்பிரகட சுப்பாராவ். சென்னை திருவல்லிக்கேணியில் பள்ளி, மாநிலக் கல்லூரியில் இன்டர்மீடியட், சென்னை மருத்துவக் கல்லூரியில் மருத்துவம் படித்தவர். நம்மில் பலருக்கு அவருடைய மாத்திரை தெரியும், அவரைத் தெரியாது.

காசியில் வாழைப்பழம் விற்கக் கிளம்பிய பையன்

1895 ஜனவரி 12-ல், அப்போது சென்னை மாகாணத்தில் இருந்த பீமவரத்தில் பிறந்தார். அப்பா ஜகந்நாதம் வருவாய்த்துறை ஊழியர். உடம்பு சரியில்லாமல் சீக்கிரமே வேலையை விட்டவர். அம்மா வெங்கம்மா. வீட்டில் பிள்ளைகள் அதிகம், வருமானம் குறைவு. பையனுக்குப் படிப்பில் பிடிப்பு இல்லை. பதின்மூன்று வயது வாக்கில் வீட்டை விட்டு ஓடினார். திட்டம் என்ன தெரியுமா? காசிக்குப் போய், யாத்ரீகர்களுக்கு வாழைப்பழம் விற்றுப் பணக்காரர் ஆவது. பௌர்ணமி கிரிவலப் பாதையில் ஓர் இரவு நின்று பார்த்தவர்களுக்கு இது முட்டாள்தனமான பிசினஸ் ஐடியாவாகத் தோன்றாது. ஆனால் காசி போய்ச் சேருவதற்குள் பிடித்து வீட்டுக்கே கொண்டுவந்துவிட்டார்கள்.

வெங்கம்மா விடுகிற ஆள் இல்லை. நகையை விற்றாவது படிக்க வைப்பது என்று இருந்தார். மெட்ரிகுலேஷனில் சுப்பாராவ் இரண்டு முறை ஃபெயில். மூன்றாவது முறை, திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியில் இருந்து எழுதித் தேறினார். நடுவில் அப்பாவும் இறந்துபோயிருந்தார்.

மாநிலக் கல்லூரியில் படிக்கும்போது மனசு ராமகிருஷ்ண மடம் பக்கம் போனது. துறவியாகிவிடலாம் என்று முடிவு. அம்மா சம்மதிக்காமல் சேர்த்துக்கொள்ள முடியாது என்று மடத்தில் சொல்லிவிட்டார்கள். மருத்துவம் படித்துச் சேவை செய்யலாமே என்ற யோசனையும் அங்கிருந்தே வந்தது. அப்படித்தான் சென்னை மருத்துவக் கல்லூரி. செலவுக்குக் கைகொடுத்தவர் மாமனாராக வரவிருந்த கஸ்தூரி சூரியநாராயண மூர்த்தி. 1919-ல் அவர் மகள் சேஷகிரியுடன் திருமணம் நடந்தது.

கதர் கோட்டுக்குக் கிடைத்த தண்டனை

காந்தி அந்நியத் துணியைப் புறக்கணிக்கச் சொன்ன காலம். சுப்பாராவ் கதர் அறுவை சிகிச்சை உடையோடு வகுப்புக்குப் போக ஆரம்பித்தார். சர்ஜரி பேராசிரியர் பிராட்ஃபீல்டுக்கு அது பிடிக்கவில்லை. எழுத்துத் தேர்வுகளை நன்றாகவே எழுதியிருந்தும் கடைசியில் கைக்கு வந்தது முழு எம்.பி.பி.எஸ் பட்டம் இல்லை. அதற்கு ஒரு படி கீழே இருந்த எல்.எம்.எஸ் சான்றிதழ். சென்னை மருத்துவ சேவையில் வேலைக்கு முயன்றார், கிடைக்கவில்லை. ஆச்சண்ட லட்சுமிபதி நடத்திய ஆயுர்வேதக் கல்லூரியில் உடற்கூறியல் சொல்லிக்கொடுக்கச் சேர்ந்தார்.

இதே காலத்தில்தான் குடும்பத்தை ஸ்ப்ரூ என்ற வயிற்று நோய் தாக்கியது. வெப்பமண்டல நாடுகளில் வரும் நீடித்த வயிற்றுப்போக்கு. சாப்பிடுவது எதுவும் உடம்பில் ஒட்டாது, ரத்தசோகை வரும், ஆள் எலும்பும் தோலுமாகிச் சாவார். சில நாட்கள் இடைவெளியில் இரண்டு சகோதரர்களை அது கொண்டுபோனது. சுப்பாராவுக்கும் வந்தது. லட்சுமிபதியின் ஆயுர்வேத சிகிச்சையில் பிழைத்தார். இந்த நோயின் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், மறுபடியும் வரும்.

அமெரிக்கா போய்ப் படிப்பது என்று தீர்மானித்தார். மாமனார் கொஞ்சம், காக்கிநாடாவில் இருந்த மல்லாடி சத்தியலிங்க நாயக்கர் அறக்கட்டளை கொஞ்சம் என்று பணம் சேர்ந்தது. 1922 அக்டோபர் 26-ல் பாஸ்டன் போய்ச் சேர்ந்தார். மனைவி அப்போது கர்ப்பிணி. சில வருடத்தில் திரும்பி விடுவதாகத்தான் பேச்சு. பிறந்த ஆண் குழந்தை ஒரு வயது முடிவதற்குள்ளேயே இறந்துவிட்டது. அப்பா அந்தக் குழந்தையைப் பார்த்ததே இல்லை. சேஷகிரியும் கணவரை அதற்குப் பிறகு பார்க்கவில்லை. சுப்பாராவ் வாழ்க்கையைப் பற்றி எழுதுபவர்கள் பெரும்பாலும் இந்த இரண்டு வரியைத் தாண்டி ஓடிவிடுகிறார்கள். 26 வருடக் காத்திருப்பு என்பது சேஷகிரியின் வாழ்க்கை. அதையும் இந்தக் கணக்கில் சேர்த்தாக வேண்டும்.

பெட்பேன் கழுவிய இரவுகள், ஏடிபி கண்டுபிடித்த பகல்கள்

ஹார்வர்டின் வெப்பமண்டல மருத்துவப் பள்ளியில் டிப்ளமா முடித்தார். இந்தியச் சான்றிதழை வைத்து அங்கே டாக்டராகத் தொழில் செய்ய முடியாது. அதனால் பாஸ்டன் ஆஸ்பத்திரி ஒன்றில் இரவு நேர ஊழியர் வேலை. நோயாளிகளின் பெட்பேன் கழுவுவது உட்பட.

பகலில் ஹார்வர்டில் சைரஸ் ஃபிஸ்க்கின் ஆய்வுக்கூடம். இருவரும் சேர்ந்து 1925-ல் ரத்தத்திலும் சிறுநீரிலும் பாஸ்பரஸ் எவ்வளவு இருக்கிறது என்று அளக்கும் முறையை வெளியிட்டார்கள். ஃபிஸ்க்-சுப்பாராவ் முறை என்று பெயர். பயோகெமிஸ்ட்ரி படித்தவர்கள் இந்தப் பெயரை லேப் நோட்டில் எழுதியிருப்பார்கள். 1927-ல் தசையில் பாஸ்போகிரியாட்டின், 1929-ல் ஏடிபி. உடம்பில் ஒவ்வொரு செல்லும் ஆற்றலைச் செலவழிக்கும் சில்லறைக் காசு மாதிரியான மூலக்கூறு அது. அதே நேரத்தில் ஜெர்மனியில் கார்ல் லோமனும் தனியாக அதைக் கண்டுபிடித்தார்.

1930-ல் பிஹெச்.டி. இவ்வளவுக்குப் பிறகும் ஹார்வர்டில் நிரந்தரப் பேராசிரியர் பதவி கிடைக்கவில்லை. அந்தக் கால அமெரிக்கச் சட்டப்படி இந்தியர்கள் குடியுரிமையே பெற முடியாது. 1946-ல்தான் அந்தக் கதவு திறந்தது. 1940-ல் ஹார்வர்டை விட்டுவிட்டு, நியூயார்க் மாநிலத்தில் பேர்ல் ரிவர் என்ற ஊரில் இருந்த லெடர்லே மருந்து நிறுவனத்துக்கு மாறினார். சீக்கிரமே அதன் ஆராய்ச்சிப் பிரிவுக்கு இயக்குநர் ஆனார்.

எட்டே வருடம்

லெடர்லேயில் அவர் இருந்தது சுமார் எட்டு வருடம். அதற்குள் அவர் தலைமையில் இருந்த குழுக்களில் இருந்து வந்தவற்றைப் பாருங்கள். 1945-ல் ஃபோலிக் அமிலத்தைச் செயற்கையாகத் தயாரித்தார்கள். இன்று கர்ப்பிணிகளுக்கு அரசு ஆஸ்பத்திரியில் கொடுக்கும் இரும்பு மாத்திரையில் இருப்பது அதுவே. அதே மூலக்கூறைக் கொஞ்சம் திருகி அமினோப்டெரின் செய்தார்கள். ரத்தப் புற்றுநோய் வந்த குழந்தைகளுக்கு பாஸ்டனில் சிட்னி ஃபார்பர் அதைக் கொடுத்துப் பார்த்து 1948-ல் முடிவுகளை வெளியிட்டார். இன்றும் புழங்கும் மெத்தோட்ரெக்ஸேட் அதன் நெருங்கிய உறவு. யானைக்கால் நோய்க்கான டிஇசி மாத்திரையும் இதே கூடத்தில் இருந்துதான். நம் வட மாவட்டங்கள் பலவற்றில் சுகாதாரப் பணியாளர்கள் வீடு வீடாக வந்து கண் முன்னாலேயே விழுங்க வைத்தார்களே, அது.

ஆன்டிபயாடிக் கதைக்கு வருவோம். 1940-களின் நடுவில் பென்சிலின் வந்துவிட்டது, ஆனால் எல்லா பாக்டீரியாவையும் அது தொடாது. காசநோய்க்கு ஸ்ட்ரெப்டோமைசின் வந்தது, ஆனால் ஊசியாகப் போட வேண்டும். வாயால் விழுங்கக் கூடிய, பல வகை பாக்டீரியாக்களை ஒரே அடியில் மடக்கும் மருந்து வேண்டும். சுப்பாராவ் தேடச் சொன்னது இதைத்தான். தேடலின் பொறுப்பு பெஞ்சமின் டக்கர் கையில். எழுபது வயதைத் தாண்டிய தாவரவியல் பேராசிரியர், பல்கலைக்கழகத்தில் ரிட்டயர் ஆகி லெடர்லேக்கு வந்தவர்.

வேலை என்னவோ எளிமையானது, அலுப்பானது. பல இடங்களில் இருந்து மண்ணை வரவழைத்து, அதில் இருக்கும் நுண்ணுயிர்களை வளர்த்து, எது மற்ற பாக்டீரியாக்களைக் கொல்கிறது என்று பார்ப்பது. மிசௌரி பல்கலைக்கழகத்தின் சான்போர்ன் ஃபீல்டு என்ற பழைய ஆராய்ச்சி வயலில், 23-ம் எண் பாத்தியில் இருந்து வந்த மண்ணில் பொன்னிறமாக வளரும் ஒரு நுண்ணுயிர் கிடைத்தது. லத்தீனில் பொன்னைக் குறிக்கும் சொல்லை வைத்து ஸ்ட்ரெப்டோமைசஸ் ஆரியோஃபேசியன்ஸ் என்று அதற்குப் பெயர். அதில் இருந்து எடுத்த மஞ்சள் மருந்து ஆரியோமைசின். வேதியியல் பெயர் குளோர்டெட்ராசைக்ளின்.

மனிதர்களிடம் முதலில் சோதித்தவர் நியூயார்க் ஹார்லெம் ஆஸ்பத்திரியின் லூயிஸ் ரைட், கறுப்பின அறுவை சிகிச்சை நிபுணர். 1948 ஜூலையில் நியூயார்க்கில் நடந்த அறிவியல் கூட்டத்தில் மருந்து உலகுக்கு அறிவிக்கப்பட்டது. மேடை டக்கருக்கு. கூடத்தின் தலைவர் தன் பெயரை முன்னால் வைத்துக்கொள்ளவில்லை. அது அவர் சுபாவம். சில வாரங்களில், 1948 ஆகஸ்ட் 8-ம் தேதி இரவு, தூக்கத்திலேயே மாரடைப்பு. வயது 53. அந்த டிசம்பரில் ஆரியோமைசின் விற்பனைக்கு அனுமதி பெற்றபோது அவர் இல்லை.

ஸ்ப்ரூவை நினைவில் வைக்கச் சொன்னது எதற்கு என்றால், அந்த நோய்க்கு இன்றைய சிகிச்சை இரண்டு மருந்து: ஃபோலிக் அமிலமும் டெட்ராசைக்ளினும், மாதக் கணக்கில். இரண்டுமே அவர் கூடத்தில் இருந்து வந்தவை. 1960-களின் தொடக்கத்தில் வட ஆர்க்காடு கிராமங்களில் ஸ்ப்ரூ கொள்ளைநோய் போலப் பரவியபோது வேலூர் சி.எம்.சி மருத்துவர்கள் அதை ஆராய்ந்து எழுதினார்கள். திருவண்ணாமலை அன்று வட ஆர்க்காட்டுக்குள் இருந்த ஊர். தனி மாவட்டமானது 1989-ல்.

உயிர் காக்கும் மருந்து பருவுக்கு எப்படி வந்தது?

பரு என்பது வெறும் அழுக்கு இல்லை. இதை எத்தனை முறை சொன்னாலும் ஃபேஸ்வாஷ் விளம்பரம் ஜெயித்துவிடுகிறது. தோலில் ஒவ்வொரு முடிக்காலுக்கும் பக்கத்தில் எண்ணெய்ச் சுரப்பி இருக்கிறது. பருவ வயதில் ஹார்மோன் ஏறும்போது எண்ணெய் அதிகமாகும். முடிக்காலின் வாயில் இறந்த செல்கள் ஒட்டிக்கொண்டு அடைக்கும். உள்ளே காற்றில்லாத, எண்ணெய் நிறைந்த அறை உருவாகும். அங்கே சுகமாக வாழ்வது க்யூட்டிபாக்டீரியம் ஆக்னெஸ் என்ற பாக்டீரியா. 2016 வரை அதன் பெயர் புரொபியோனிபாக்டீரியம் ஆக்னெஸ். பழைய கட்டுரைகளில் அப்படித்தான் இருக்கும். உடம்பின் எதிர்ப்பு செல்கள் அதோடு சண்டைக்கு வரும்போது சிவந்து, வீங்கி, சீழ் கட்டும்.

இதில் வேடிக்கை, இந்த பாக்டீரியா கிட்டத்தட்ட எல்லோர் முகத்திலும் உண்டு, பருவே வராதவர்கள் உட்பட. 2013-ல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்று, பரு உள்ள 49 பேர், இல்லாத 52 பேர் மூக்கில் இருந்து இதை எடுத்துப் பார்த்தது. இரண்டு பக்கமும் அளவு ஏறக்குறைய ஒன்றுதான். வித்தியாசம் இருந்தது வகையில்: சில வகைகள் பரு உள்ளவர்களிடம் அதிகம், ஒரு வகை பெரும்பாலும் பரு இல்லாதவர்களிடம். அதாவது இதே இனத்தில் நல்ல வாடகைக்காரரும் உண்டு, கெட்டவரும் உண்டு. ஆன்டிபயாடிக் ஆள் பார்த்து அடிக்காது.

1950-களுக்கு முன்பு பருவுக்குக் கந்தகக் களிம்பு, வெயில், சில நாடுகளில் எக்ஸ்ரே கதிர்வீச்சுகூட சிகிச்சையாக இருந்தது. எக்ஸ்ரே வாங்கிக்கொண்ட சிலருக்குப் பின்னாளில் தைராய்டு புற்றுநோய் வந்தது. அந்த நிலைமையில் விழுங்கக் கூடிய, விலை குறைந்த மாத்திரை ஒன்று பருவை அடக்குகிறது என்றால் தோல் டாக்டர்கள் விடுவார்களா? ஆரியோமைசினில் இருந்து டெட்ராசைக்ளின், பிறகு 1967-ல் டாக்ஸிசைக்ளின், 1970-களின் தொடக்கத்தில் மினோசைக்ளின் என்று வரிசையாக வந்தன. மினோசைக்ளினைச் செய்தது அதே லெடர்லே.

இந்தக் குடும்ப மருந்துகளுக்கு இரட்டை வேலை. பாக்டீரியாவுக்குள் புரதம் தயாரிக்கும் ரைபோசோம் என்ற இயந்திரத்தில் போய் உட்கார்ந்து உற்பத்தியை நிறுத்தும். கூடவே நம் உடம்பின் வீக்கத்தையும் கொஞ்சம் தணிக்கும். பருவுக்கு நன்றாகக் கேட்பதற்கு இந்த இரண்டாவது வேலையும் காரணம்.

பாக்டீரியா கற்றுக்கொண்டது

இனி அந்தச் சிக்கல். 1950-களின் நடுவிலேயே ஜப்பானில் வயிற்றுக்கடுப்பு உண்டாக்கும் ஷிகெல்லா பாக்டீரியா, டெட்ராசைக்ளின் உட்பட நான்கு மருந்துகளை ஒரே நேரத்தில் தாங்கி நிற்பது தெரியவந்தது. அந்தத் தாங்கும் திறனை பாக்டீரியாக்கள் ஒன்றுக்கொன்று கைமாற்றிக்கொள்கின்றன என்றும் ஜப்பானிய விஞ்ஞானிகள் காட்டினார்கள். வாட்ஸ்அப் ஃபார்வர்டு போல, பக்கத்து இனத்துக்கே அனுப்பிவிடும். சிலது மருந்தை பம்ப் வைத்து வெளியே தள்ளும், சிலது ரைபோசோமுக்குக் கவசம் போடும்.

பரு பாக்டீரியா கொஞ்சம் தாமதமாக வந்தது. 1979-ல், முகத்தில் தடவும் எரித்ரோமைசின், கிளிண்டாமைசின் மருந்துகளுக்கு அடங்காத வகைகள் அமெரிக்காவில் பதிவாயின. இங்கிலாந்தின் லீட்ஸ் நகர மருத்துவமனையில் வருடாவருடம் கணக்கெடுத்தார்கள்: ஏதாவது ஓர் ஆன்டிபயாடிக்குக்கு அடங்காத பரு பாக்டீரியா வைத்திருந்த நோயாளிகள் 1991-ல் 34.5 சதவீதம், 1997-ல் 64 சதவீதம். ஆறே வருடத்தில்! அதில் பெரும்பங்கு தடவும் எரித்ரோமைசினுக்கு எதிரானது. டெட்ராசைக்ளினுக்கு எதிரானது குறைவு. ஆனால் பூஜ்யம் இல்லை. ரைபோசோமின் மரபுக் குறியீட்டில் ஒரே ஓர் எழுத்து மாறினாலே டெட்ராசைக்ளின் பிடி தளர்ந்துவிடும் என்று 1998-ல் கண்டார்கள்.

மருந்து கேட்காவிட்டால் பரு கொஞ்ச நாள் இருக்கும், அதில் என்ன உயிர் போகிறது என்று தோன்றலாம். உண்மைதான், பருவால் உயிர் போகாது. ஆனால் விழுங்கிய மாத்திரை முகத்துக்கு மட்டும் போவதில்லை. குடல், மூக்கு, தொண்டை என்று எல்லா இடத்து பாக்டீரியாவும் அதைச் சந்திக்கின்றன. பல மாதங்கள் சந்தித்தால், தாங்கத் தெரிந்தவை மட்டும் மிஞ்சும். பருவுக்குச் சாப்பிட்டவர் உடம்பில் தயாராகும் அந்தப் படை, நாளை அவருக்கோ வீட்டில் இருக்கும் தாத்தாவுக்கோ புண்ணிலும் சிறுநீர்ப் பாதையிலும் தொற்றாக வரலாம். டெட்ராசைக்ளின் குடும்பமோ இன்னும் பெரிய வேலைகளுக்குத் தேவைப்படுகிறது. 1994-ல் சூரத்தில் பிளேக் பீதி வந்தபோது மக்கள் கடைகளை முற்றுகையிட்டு வாங்கியது டெட்ராசைக்ளினைத்தான். புதர்க்காடுகளில் சிறு பூச்சிக் கடியால் வரும் ஸ்க்ரப் டைஃபஸ் காய்ச்சல் வேலூர், திருவண்ணாமலை போன்ற வட மாவட்டங்களில் மழைக்காலம் தொட்டுக் குளிர்காலம் வரை வருகிறது. அதற்கு முதல் மருந்துகளில் ஒன்று டாக்ஸிசைக்ளின். வேலூர் சி.எம்.சி முன்னின்று நடத்தி 2023-ல் வெளியான ஆய்வில், கடுமையான ஸ்க்ரப் டைஃபஸுக்கு டாக்ஸிசைக்ளினையும் அசித்ரோமைசினையும் சேர்த்துக் கொடுப்பது தனித்தனியாகக் கொடுப்பதைவிடப் பலன் தந்தது. இங்கே ஒன்றைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. அந்தக் காய்ச்சல் ஆளுக்கு ஆள் பரவுவதில்லை. பரு மாத்திரை சாப்பிடுகிறவரால் அந்தக் கிருமி மருந்துக்கு அடங்காமல் போகாது. ஆபத்து நம் உடம்போடு குடியிருக்கும் பாக்டீரியாக்களில்தான்.

பழி முழுவதையும் பருக்காரர்கள் மேல் போடுவதும் நியாயம் இல்லை. லெடர்லேயிலேயே, சுப்பாராவ் இறந்த வருடத்தின் கடைசியில், ஆரியோமைசின் தயாரித்து மிஞ்சிய கசடைக் கோழிக்குஞ்சுகளுக்குத் தீவனத்தில் கலந்து கொடுத்துப் பார்த்தார்கள். குஞ்சுகள் வேகமாக எடை போட்டன. 1950-ல் செய்தி வெளியானதும் உலகம் முழுக்கக் கோழி, பன்றி, மாட்டுப் பண்ணைகளில் ஆன்டிபயாடிக் தீவனமாகவே மாறியது. நோய்க்கு மருந்தாக இல்லை, எடைக்கு உரமாக. இந்தியா 2019-ல் கோலிஸ்டின் என்ற கடைசி நிலை மருந்தைப் பண்ணைகளில் பயன்படுத்தத் தடை போட்டது வரை அந்தக் கதை நீள்கிறது.

அப்போ பருவுக்கு என்ன செய்வது?

தோல் டாக்டர்களின் இன்றைய வழிகாட்டல்களில் பொதுவாக இருப்பது இதுதான். லேசான பருவுக்கு முதலில் பென்சாயில் பெராக்சைடு, அடாபலீன் போன்ற தடவும் மருந்துகள். பென்சாயில் பெராக்சைடு ஆன்டிபயாடிக் இல்லை. ஆக்சிஜனை விட்டு பாக்டீரியாவைக் கொல்கிறது, அதற்கு எதிராக பாக்டீரியா பழகியதாகத் தெரியவில்லை. வீங்கிய, ஆழமான பருவுக்கு டாக்ஸிசைக்ளின் கொடுக்கலாம், ஆனால் தனியாக இல்லை, தடவும் மருந்தோடு சேர்த்து. பெரும்பாலும் மூன்று, நான்கு மாதத்துக்குள் நிறுத்திவிட வேண்டும். தடவும் கிளிண்டாமைசினைத் தனியாக மாதக் கணக்கில் போடுவதுதான் எதிர்ப்பை வளர்க்கும் குறுக்கு வழி. தழும்பு விடும் கடுமையான பருவுக்கு ஐசோட்ரெட்டினாயின் என்ற வேறு வகை மருந்து உண்டு. அது கர்ப்பத்தில் குழந்தையைக் கடுமையாகப் பாதிக்கும் என்பதால் டாக்டர் கண்காணிப்பு இல்லாமல் தொடவே கூடாது.

டாக்ஸிசைக்ளின் சாப்பிடுகிறவர்களுக்கு இன்னும் சில விஷயம். ஒரு டம்ளர் தண்ணீர் நிறையக் குடித்து விழுங்க வேண்டும், உடனே படுக்கக் கூடாது. இல்லையென்றால் உணவுக் குழாயில் புண் வரும். பால், கால்சியம், இரும்பு மாத்திரையோடு சேர்த்துச் சாப்பிட்டால் மருந்து உடம்பில் ஏறுவது குறையும். வெயில் பட்டால் தோல் சட்டென்று எரியும். பகலில் கிரிவலம் போகிற 14 கிலோமீட்டரை மாத்திரை முடிகிற வரை தள்ளிப்போடுவது நல்லது. கர்ப்பிணிகளுக்கும் சின்னக் குழந்தைகளுக்கும் பருவுக்காக இதைத் தருவதில்லை. வளரும் பல்லில் நிறம் படியும்.

சட்டப்படி இவை டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத மருந்துகள். அட்டையின் மேல் சிவப்புக் கோடு இருந்தால் சீட்டு வேண்டும் என்று அர்த்தம் என 2016-ல் மத்திய அரசு பிரசாரமே செய்தது. அதற்கும் முன்னால், 2012-ல், ஆன்டிபயாடிக்கை நாடு எப்படிக் கட்டுப்படுத்த வேண்டும் என்று மருத்துவ அமைப்புகள் கூடித் தயாரித்த திட்டத்துக்குப் பெயர் சென்னைப் பிரகடனம். திட்டம் பிறந்த ஊரிலும் சிவப்புக் கோட்டை யாரும் கவனித்துப் பார்ப்பதாகத் தெரியவில்லை.

மருந்து உலகத்தில் மட்டும் ஒரு திருப்பம் நடந்திருக்கிறது. சுப்பாராவ் தேடியது முடிந்தவரை எல்லா பாக்டீரியாவையும் அடிக்கும் மருந்தை. 2018-ல் அமெரிக்காவில் பருவுக்கென்றே அனுமதி பெற்ற சாரெசைக்ளின், அதே டெட்ராசைக்ளின் குடும்பத்தில், வேண்டுமென்றே குறுகிய இலக்கோடு செய்யப்பட்டது: பரு பாக்டீரியாவைப் பிடிக்கும், குடல் பாக்டீரியாக்களை முடிந்தவரை விட்டுவிடும்.

சுப்பாராவுக்கு நோபல் பரிசு கிடைக்கவில்லை. கடைசி வரை அமெரிக்கக் குடிமகனும் ஆகவில்லை. நூற்றாண்டுக்கு 1995-ல் இந்தியத் தபால் துறை ஒரு ஸ்டாம்ப் வெளியிட்டது. அவர் வேலை பார்த்த பேர்ல் ரிவர் வளாகம் பல கை மாறி ஃபைசரிடம் வந்தது. அந்த நிறுவனத்தின் தடுப்பூசி ஆராய்ச்சி அங்கே நடக்கிறது. இன்னொரு மரியாதையும் உண்டு. அவர் இறந்த சில வருடங்களில், லெடர்லேயில் வேலை பார்த்த பூஞ்சை ஆய்வாளர் ஹெசல்டைன் தான் புதிதாகக் கண்ட ஒரு பூஞ்சைக்கு சுப்பாரோமைசஸ் ஸ்ப்ளெண்டென்ஸ் என்று பெயர் வைத்தார். அது கிடைத்த இடம் சாக்கடை நீரைச் சுத்திகரிக்கும் வடிகட்டித் தொட்டி. மருந்துக்கு அடங்காத மரபணுக்கள் ஒரு நகரத்தில் எவ்வளவு பரவியிருக்கின்றன என்று அறிய விஞ்ஞானிகள் இன்று மாதிரி எடுப்பதும் அதே மாதிரியான தொட்டிகளில்தான்.